ஆங்கில வாதக் கட்டுரைக் கல்வியில் குறிப்புச்சட்டகமும் மறுதரப்பின் இடமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கில வகுப்பில் வாதக் கட்டுரை எழுதத் தொடங்கும் மாணவர், முதலில் ஒரு குறிப்புச்சட்டகம் அமைத்துக்கொள்ள வேண்டும் என்று கற்பிக்கப்படுகிறார். அச்சட்டகம் எந்தத் தேவையிலிருந்து பிறந்தது, வகுப்பறைக்குள் வந்தபின் எவ்வாறு மாறியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கிரேக்க, உரோமானியச் சொற்கலை நூல்கள், பிரித்தானியச் சொற்கலை ஆசிரியர்களின் நூல்கள், அமெரிக்கக் கல்லூரிகளில் எழுந்த வாதவியல் பாடநூல்கள், 20ஆம் நூற்றாண்டின் எழுத்துக்கல்வி ஆய்வுகள் ஆகியவை இதற்கு அடிப்படையாகின்றன. மறுதரப்புக்குச் சட்டகத்தில் இடம் இருந்த காலங்களில் அது காரணங்களைச் சோதிக்கும் கருவியாக இருந்தது. அவ்விடம் மறைந்தபோது அது பத்திகளை நிரப்பும் படிவமாகச் சுருங்கியது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: வாதக் கட்டுரை, குறிப்புச்சட்டகம், முறைவைப்பு, வாதச்சுருக்கம், மறுதரப்பு, எழுத்துக்கல்வி வரலாறு

1. முன்னுரை

ஒரு கருத்தை முன்வைத்து, அதற்குரிய காரணங்களையும் சான்றுகளையும் தந்து, படிப்பவரை ஏற்கச்செய்யும் நோக்கில் எழுதப்படுவது வாதக் கட்டுரை. உலகின் பல நாடுகளில் ஆங்கிலப் பாடத்தின் தவிர்க்க முடியாத பயிற்சியாக இது உள்ளது. கட்டுரையை எழுதுமுன் அதன் கூறுகளைத் தலைப்பும் துணைத்தலைப்புமாக வரிசைப்படுத்திக் காட்டும் குறிப்பே குறிப்புச்சட்டகம் எனப்படுகிறது. ஆசிரியர்கள் பலர் கட்டுரையோடு சட்டகத்தையும் கேட்டுப் பெற்று மதிப்பெண் இடுகின்றனர். மாணவருள் பலரோ கட்டுரையை முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து சட்டகத்தைப் பின்னர் உருவாக்கி இணைத்துவிடுகின்றனர்.

இதை மாணவரின் சோம்பலாக மட்டும் கொள்வது பொருந்தாது. எழுதுவதற்கு உதவ வேண்டிய ஒன்று எழுதி முடித்தபின் செலுத்தும் கடனாக மாறியது ஏன் என்னும் வினா இங்கு எழுகிறது. இதற்கு விடை காண, சட்டகத்தின் வடிவத்தைவிட அதன் பயன்பாட்டு வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

2. பண்டைய சொற்கலையில் முறைவைப்பு

வாதத்தைத் திட்டமிடும் கலை எழுத்துக்காகத் தோன்றியதன்று; வழக்குமன்றத்திலும் பொதுமன்றத்திலும் பேசுவதற்காகத் தோன்றியது. அங்கே எதிரில் மறுதரப்பினர் உண்மையாகவே நின்றுகொண்டிருந்தனர். இச்சூழல் சட்டகத்தின் அமைப்பைத் தீர்மானித்தது.

அரிஸ்டாட்டில் தம் சொற்கலை நூலின் மூன்றாம் பகுதியில், ஓர் உரைக்கு இன்றியமையாதவை இரண்டே என்கிறார். ஒன்று, நிறுவப்பட வேண்டிய கருத்தைக் கூறுதல். மற்றொன்று, அதனை நிறுவுதல். வேண்டுமாயின் முகவுரையும் முடிப்புரையும் சேர்த்து நான்காகக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து. மறுதரப்பை மறுத்தலை அவர் தனிப் பகுதியாக்காமல், நிறுவுதலின் ஓர் அங்கமாகவே கருதினார். எதிர்ப்பை எதிர்கொள்ளாத நிறுவல் முழுமை பெறாது என்பது இதன் உட்பொருள்.

உரோமானியர் இப்பகுதிகளை விரித்தனர். நெடுங்காலம் சிசரோவின் பெயரால் வழங்கிவந்ததும், கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுமான 'ரெட்டோரிக்கா அட் எரென்னியும்' என்னும் நூல் ஆறு பகுதிகளைக் கூறுகிறது. அவை முகவுரை, நிகழ்வுரை, பகுப்பு, நிறுவல், மறுப்பு, முடிப்புரை என்பன. இவற்றுள் பகுப்பு தனிக் கவனத்துக்குரியது. இரு தரப்பினரும் எவற்றில் உடன்படுகின்றனர், எவற்றில் வேறுபடுகின்றனர் என்பதைப் பிரித்துக்காட்டும் பகுதி அது. கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் பன்னிரண்டு பகுதிகளாகத் தம் பெருநூலை எழுதிய குவிண்டிலியன் ஐந்து பகுதிகளைக் கூறுகிறார். அவரும் மறுப்பைத் தனிப் பகுதியாகவே வைத்தார்.

சொற்கலையின் ஐந்து செயல்களாகப் பொருள்தேடல், முறைவைப்பு, நடை, நினைவு, வெளிப்பாடு என்பவை கூறப்பட்டன. இவ்வரிசையில் முறைவைப்பு இரண்டாவது. சொல்லத்தக்கவற்றையெல்லாம் தேடிக் கண்டபின்னரே அவற்றை வரிசைப்படுத்தும் செயல் தொடங்குகிறது. தேடல் முடியுமுன் சட்டகத்தைக் கேட்கும் இன்றைய வகுப்பறை வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும்.

3. மேடையிலிருந்து தாளுக்கு: பிளேர், வாட்லி, பெயின்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொற்கலைக் கல்வி மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து எழுத்துக்கு நகர்ந்தது. எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹியூ பிளேரின் விரிவுரைகள் 1783இல் நூலாக வெளிவந்து, அட்லாண்டிக்கின் இருபுறமும் பாடநூலாகப் பரவின. ஒழுங்கான ஓர் உரைக்கு அவர் கூறும் பகுதிகள் ஆறு: முகவுரை, பொருட்பகுப்பு, நிகழ்வுரை அல்லது விளக்கம், வாதங்கள், உணர்ச்சிப் பகுதி, முடிப்புரை. எண்ணிக்கை பண்டைய நூலோடு ஒத்திருப்பினும், மறுப்புக்கென்று தனித் தலைப்பு இப்பட்டியலில் இல்லை. பிளேர் ஒரு சமயச் சொற்பொழிவாளர். தேவாலய மேடையில் நிற்பவரை இடைமறித்து மறுப்பவர் எவருமில்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம்.

1828இல் 'சொற்கலைக் கூறுகள்' என்னும் நூலை வெளியிட்ட ரிச்சர்ட் வாட்லி, வாதத்தை மீண்டும் மையத்துக்குக் கொணர்ந்தார். மெய்ப்பிக்கும் பொறுப்பு எத்தரப்பைச் சார்ந்தது என்னும் வினாவைச் சொற்கலைக் கல்வியில் வேரூன்றச் செய்தவர் அவரே. எதிர்ப்புகளுக்கு விடைகூறும் பகுதியைக் கட்டுரையின் இறுதிக்குத் தள்ளாமல், இடையில், தொடக்கத்துக்குச் சற்று அண்மையில் வைப்பது பொதுவாக நலம் என்றும் அவர் அறிவுறுத்தினார்.

மாணவர் எழுதுமுன் குறிப்புச்சட்டகம் வரைய வேண்டும் என்று வாட்லி வெளிப்படையாகவே பரிந்துரைத்தார். சட்டகம் சுருக்கமாக, ஒரே பார்வையில் முழுவதும் தெரியும்படி இருக்க வேண்டும் என்றார். எழுதும்போது புதிய சிந்தனை தோன்றினால் அதன்படி விலகிச்செல்லவும் இடம் தந்தார். சட்டகம் செல்லவேண்டிய திசையைக் காட்டும் தடமாக இருக்கலாம். சக்கரம் வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ளும் பள்ளமாகிவிடக் கூடாது என்பது அவர் கருத்தின் சாரம். பின்னாளில் எழுந்த விவாதங்கள் யாவும் இந்த ஒரு வேறுபாட்டின் விரிவாகவே அமைந்தன.

அபெர்டீன் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின் 1866இல் வெளியிட்ட பாடநூல் பத்திக்குரிய விதிகளை வகுத்தது. பத்தியின் தொடக்க வாக்கியம் அதன் பொருளைச் சுட்ட வேண்டும், பத்திக்குள் ஒருமை வேண்டும் என்பன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தெளிவான எழுத்துக்கு இவை பெரிதும் உதவின. அதே வேளையில், திட்டமிடலின் அலகு காரணத்திலிருந்து பத்திக்கு இடம்மாறவும் இவ்விதிகள் வழிவகுத்தன. ஒரு காரணத்துக்கு எத்தனை பத்தி தேவை என்னும் வினா, எத்தனை பத்திக்கு எத்தனை காரணம் தேவை என்று பின்னாளில் தலைகீழானது.

4. ஹார்வர்டும் பேக்கரின் வாதச்சுருக்கமும்

1874ஆம் ஆண்டு முதல் ஹார்வர்டு கல்லூரியின் நுழைவுத்தேர்வில் ஆங்கிலக் கட்டுரை இடம்பெற்றது. ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் 1878இல் வெளியிட்ட பாடநூலும், 1885 முதல் முதலாண்டு மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பட்ட எழுத்துப்பாடமும் இப்போக்கை உறுதிப்படுத்தின. மாணவரின் எழுத்துத்திறன் குறைந்துள்ளது என்று குற்றஞ்சாட்டிய ஒரு குழுவின் அறிக்கையும் 1892இல் அங்கு வெளிவந்தது. எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி, கையெழுத்து ஆகியவற்றைத் திருத்துவதே ஆசிரியரின் பெரும்பணியாகிக்கொண்டிருந்த காலம் அது.

இச்சூழலில் ஹார்வர்டு ஆசிரியர் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் 1895இல் 'வாதவியல் கோட்பாடுகள்' என்னும் நூலை வெளியிட்டார். ஹென்றி பாரெட் ஹண்டிங்டனுடன் இணைந்து அவர் திருத்திய பதிப்பு 1905இல் வந்தது. பிற்காலத்தில் நாடகக் கல்விக்காகப் புகழ்பெற்ற பேக்கர், இந்நூலில் வழக்கறிஞரின் வழக்குச்சுருக்கத்தை மாதிரியாகக் கொண்டு மாணவர்க்குரிய வாதச்சுருக்கத்தை உருவாக்கினார். கல்லூரிகளுக்கிடையே விவாதப் போட்டிகள் பரவத் தொடங்கியிருந்த காலமாதலால், மறுதரப்பு மீண்டும் கண்ணெதிரே நின்றது.

வாதச்சுருக்கத்தின் விதிகளுள் நான்கு இங்குக் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, ஒவ்வொரு தலைப்பும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும்; வெறும் பெயர்த்தொடர் போதாது. இரண்டாவது, முன்னுரையில் இரு தரப்பினரும் ஒப்புக்கொள்ளும் செய்திகள் மட்டுமே இடம்பெற வேண்டும். வாதம் அங்கே நுழையக் கூடாது. மூன்றாவது, நிறுவல் பகுதியில் ஒவ்வொரு துணைத்தலைப்பும் தனக்கு மேலுள்ள தலைப்புக்குக் காரணமாக அமைய வேண்டும். இரண்டுக்கும் இடையில் 'ஏனெனில்' என்னும் சொல்லை வைத்துப் படித்தால் பொருள் பொருந்த வேண்டும். நான்காவது, மறுப்பு எழுதும்போது மறுக்கப்படும் கருத்து எது என்பதைத் தலைப்பிலேயே தெளிவாகக் கூற வேண்டும்.

மூன்றாம் விதி சட்டகத்தின் இயல்பையே மாற்றியது. பொருள் வரிசையைக் காட்டுவதோடு நில்லாமல், ஒரு கூற்று மற்றொரு கூற்றைத் தாங்குகிறதா என்பதைச் சோதிக்கும் கருவியாக அது ஆனது.

5. இருவகைச் சட்டகம்: ஓர் எடுத்துக்காட்டு

இவ்வேறுபாட்டை விளக்க ஓர் எளிய கூற்றை எடுத்துக்கொள்ளலாம். 'பள்ளி நூலகம் கோடை விடுமுறையிலும் திறந்திருக்க வேண்டும்' என்பது மாணவரின் முதன்மைக் கூற்று எனக் கொள்வோம். வகுப்பில் வழக்கமாக அமையும் சட்டகம் பின்வருமாறு இருக்கும்: முன்னுரை, நூலகத்தின் பயன்கள், விடுமுறையும் மாணவரும், வாசிப்புப் பழக்கம், முடிவுரை. பார்வைக்கு இதில் குறையில்லை. ஆயினும் 'ஏனெனில்' என்னும் சொல்லை இடையில் வைத்தால் வாக்கியம் அமையவில்லை. 'நூலகத்தின் பயன்கள்' என்பது காரணமன்று. காரணம் இருக்கக்கூடிய ஓரிடத்தின் பெயர் மட்டுமே.

அதையே வாதச்சுருக்கமாக அமைத்தால், 'பள்ளி நூலகம் கோடை விடுமுறையிலும் திறந்திருக்க வேண்டும்; ஏனெனில், வீட்டில் நூல்கள் இல்லாத மாணவர் விடுமுறையில் வாசிக்க வேறு வழியில்லை' என்று தொடங்க வேண்டியிருக்கும். இக்காரணம் உண்மையா என்னும் வினா உடனே எழும். ஊரில் பொது நூலகம் இருந்தால் காரணம் வலுவிழக்கும்; அது தொலைவில் இருந்தால் மீண்டும் வலுப்பெறும். எனவே மாணவர் அத்தொலைவை அறிந்துவர வேண்டும். சட்டகமே அவரைத் தேடலுக்குத் திருப்பி அனுப்புகிறது.

அடுத்து மறுதரப்பு வருகிறது. 'விடுமுறை முழுவதும் பணியாளரை அமர்த்தப் பள்ளியிடம் பணமில்லை' என்னும் எதிர்ப்பைத் தலைப்பாக எழுதியபின், அதனை எளிதில் தள்ளிவிட முடியாது என்பது மாணவருக்குப் புலனாகும். வாரத்தில் இரண்டு நாள் திறந்தாலும் நூல்களைப் பெற்றுச்செல்ல முடியுமே என்று அவர் எண்ணக்கூடும். அப்போது முதன்மைக் கூற்றே 'வாரத்தில் இரண்டு நாளேனும் திறந்திருக்க வேண்டும்' என்று திருந்துகிறது. மறுதரப்பு இங்கே வெல்லவேண்டிய பகையாக மட்டும் நிற்கவில்லை. கூற்றைச் செம்மைப்படுத்தும் துணையாகவும் செயற்பட்டது. முதல்வகைச் சட்டகத்தில் இத்திருத்தம் நிகழ்வதற்கு வாய்ப்பே இல்லை.

6. படிவமாகச் சுருங்கிய சட்டகம்

வாதச்சுருக்கத்துக்கு எதிர்ப்பும் தொடக்கத்திலேயே எழுந்தது. வாசர் கல்லூரியின் கெர்ட்ரூட் பக் 1899இல் வெளியிட்ட வாத எழுத்துப் பாடநூலில், மாணவர் தாமே அன்றாடம் செய்யும் வாதங்களிலிருந்து வாதத்தின் விதிகளைக் கண்டறிய வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆயத்தமான விதிகளை வெளியிலிருந்து சுமத்துவது சிந்தனையை வளர்க்காது என்பது அவர் நிலை.

20ஆம் நூற்றாண்டில் உயர்நிலைப் பள்ளிகளில் பரவிய ஐந்து பத்திக் கட்டுரையில் இச்சுருக்கம் முழுமையடைந்தது. முன்னுரை ஒரு பத்தி, காரணங்கள் மூன்று பத்திகள், முடிவுரை ஒரு பத்தி என்னும் இவ்வமைப்புக்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. பெருந்தொகை மாணவரின் தாள்களைத் திருத்தும் ஆசிரியர்க்கு இது எளிது. நேரக்கட்டுப்பாடு உள்ள தேர்வுக்கும் இது ஏற்றது. 2005இல் அமெரிக்க எஸ்.ஏ.டி. தேர்வில் சேர்க்கப்பட்ட கட்டுரைக்கு வழங்கப்பட்ட நேரம் 25 நிமிடமே. எழுத்தச்சம் மிகுந்த மாணவர்க்கு இவ்வமைப்பு ஓர் ஊன்றுகோலாக இருந்ததையும் மறுக்க இயலாது.

ஆயினும் இவ்வமைப்பில் மூன்று காரணங்களுக்கு இடமுண்டு, மறுதரப்புக்கு இல்லை. காரணம் இரண்டே எனினும் மூன்றாவதை உருவாக்கவேண்டிய கட்டாயம் நேர்கிறது. மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி அடுக்கப்படலாம். வரிசையை மாற்றினாலும் கட்டுரை மாறுவதில்லை. வாட்லி அஞ்சிய பள்ளம் இதுவேயாகும்.

7. மறுதரப்பின் மீள்வரவு

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்று திசைகளிலிருந்து மாற்றம் வந்தது. மெய்யியலாளர் ஸ்டீஃபன் டூல்மின் 1958இல் வெளியிட்ட நூலில் வாதத்தின் உறுப்புகளை ஆறாக வகுத்தார்: கூற்று, தரவு, இணைப்புநெறி, அதற்குரிய அடித்தளம், வரையறைச்சொல், விலக்கு. தரவிலிருந்து கூற்றுக்குச் செல்ல எது நம்மை அனுமதிக்கிறது என்னும் வினாவும், எந்நிலையில் கூற்று பொருந்தாது என்னும் வினாவும் இதனால் சட்டகத்துக்குள் வந்தன. டூல்மின் இதனை எழுத்துப் பாடத்துக்காக எழுதவில்லை. பேச்சுக்கலை ஆசிரியர்கள் 1960 முதல் இதனை வகுப்பறைக்கு எடுத்துச்சென்றனர்.

இரண்டாவது மாற்றம் உளவியலிலிருந்து வந்தது. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் கருத்துகளைத் தழுவி யங், பெக்கர், பைக் ஆகியோர் 1970இல் வெளியிட்ட பாடநூல், மறுதரப்பின் நிலையை அவர்களே ஏற்கும் வகையில் முதலில் எடுத்துரைக்கும் முறையைப் பரிந்துரைத்தது.

மூன்றாவது மாற்றம், எழுதுவோரை நேரே நோக்கிய ஆய்வுகளால் வந்தது. ஜேனட் எமிக் 1971இல் வெளியிட்ட ஆய்வில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எண்மர் எழுதும் முறையை நுணுகி நோக்கினார். பாடநூல்கள் கூறும் முறைக்கும் மாணவர் உண்மையில் எழுதும் முறைக்கும் இடைவெளி இருப்பதை அவ்வாய்வு காட்டியது. லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும் 1981இல் முன்வைத்த கோட்பாடு, திட்டமிடலை எழுதுமுன் முடிந்துவிடும் ஒரு கட்டமாகக் கொள்ளாமல், எழுதும்போதே மீண்டும் மீண்டும் நிகழும் செயலாக விளக்கியது. இதன்படி, கட்டுரையை எழுதியபின் சட்டகம் வரைவதும் பயனுடையதே; ஆனால் அது ஒப்படைக்கும் கடனாக இல்லாமல், எழுதியதைச் சோதிக்கும் கருவியாக இருக்க வேண்டும்.

2010இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட பொதுக் கல்வித்தரங்கள், ஏழாம் வகுப்பு முதல் வாத எழுத்தில் மாற்றுக் கூற்றுகளையோ எதிர்க்கூற்றுகளையோ குறிப்பிட வேண்டும் என்று வரையறுத்தன. மறுதரப்பு சட்டகத்துக்குள் முறைப்படி மீண்டும் நுழைந்ததற்கு இது சான்று. எனினும் 'எதிர்க்கூற்றுக்கு ஒரு பத்தி' என்று அதுவும் படிவமாக்கப்பட்டால், வரலாறு மீண்டும் அதே இடத்துக்கே திரும்பும்.

8. தமிழ் வகுப்பறைக்கு இவ்வரலாறு உணர்த்துவது

தமிழ்நாட்டு மாணவர்க்குக் குறிப்புச்சட்டகம் புதிதன்று. தமிழ்த் தேர்வில் முன்னுரை முதல் முடிவுரை வரை தலைப்புகளைத் தந்து கட்டுரை எழுதச் சொல்வதும், ஆங்கிலத் தேர்வில் குறிப்புகளை விரித்தெழுதச் சொல்வதும் நெடுநாள் வழக்கங்கள். இவ்விரண்டிலும் திட்டமிடுபவர் வினாத்தாள் அமைப்பவரே. மாணவர் நிரப்புபவர் மட்டுமே. பொருள்தேடலும் முறைவைப்பும் அவர் கைக்கு வருவதேயில்லை.

மறுதரப்பை முன்வைத்து வாதிடும் நெறியோ தமிழ் நூல்களில் தனித்து வளர்ந்த ஒன்று. மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் முதலான வாத உறுப்புகளையும் அவற்றின் போலிகளையும் விரிவாகப் பேசுகிறது. சிவஞான சித்தியார் தன் கொள்கையைக் கூறும் சுபக்கத்துக்கு முன், பிற கொள்கைகள் பதினான்கினை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கத்தை வைக்கிறது. நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் எழுவகை மதங்களுள், பிறர் கருத்தை உடன்படுதலும் மறுத்தலும், முதலில் ஏற்றுப் பின் களைதலும் அடங்கும். நூலின் பத்து அழகுகளுள் முறையின் வைப்பும் ஒன்று. இவற்றுக்கும் மேலைச் சொற்கலைக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பேக்கரின் வாதச்சுருக்கத்தையோ டூல்மினின் உறுப்புகளையோ தமிழ் மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆங்கில ஆசிரியர்க்கு, ஏது, பரபக்கம் போன்ற சொற்கள் ஆயத்தமாகக் காத்திருக்கின்றன.

9. முடிவுரை

வழக்குமன்றத்தில் பிறந்த சட்டகம் மறுதரப்பை நோக்கியே அமைந்தது. பிளேரின் பட்டியலில் மறுப்பு தன் தனித் தலைப்பை இழந்தது. வாட்லியும் பேக்கரும் அதனை மீட்டனர். ஐந்து பத்திக் கட்டுரையில் அது மீண்டும் மறைந்தது. டூல்மினுக்குப் பின் படிப்படியாகத் திரும்பியது. இவ்வேற்ற இறக்கங்கள் சட்டகம் எதற்காகக் கேட்கப்பட்டது என்பதைப் பொறுத்தே நிகழ்ந்தன. சிந்தனையைச் சோதிக்கக் கேட்டபோது அது மாணவரின் கருவியாயிற்று. திருத்துவதற்கு எளிதாகக் கேட்டபோது ஆசிரியரின் படிவமாயிற்று.

ஆகவே வகுப்பறையில் செய்யத்தக்க மாற்றம் பெரிதன்று. தலைப்புகளை முழு வாக்கியங்களாக எழுதச் செய்தல், அவற்றிடையே 'ஏனெனில்' என்னும் சொல்லை வைத்துப் பார்க்கச் செய்தல், தம் கருத்தை ஏற்காத ஒருவரின் வலுவான காரணத்தை மாணவரே எழுதச் செய்தல், அதன்பின் முதன்மைக் கூற்றைத் திருத்த இடமளித்தல் ஆகிய நான்கும் போதும். திருத்தப்பட்ட கூற்றுக்கு மதிப்பெண் குறையாது என்னும் உறுதியை ஆசிரியர் தருவாராயின், கட்டுரையை எழுதி முடித்தபின் சட்டகத்தை ஒப்புக்கு வரைந்து இணைக்கும் தேவை மாணவர்க்கு நேராது.